இந்து மாமி வீட்டு பேட்டரி ஏறவில்லை

வெயிலைப் பிடித்துப் பெட்டியில் அடைப்பதுதான் எங்கள் தொழில். சென்னையில் இதற்குச் சரக்குத் தட்டுப்பாடே வராது. தி.நகரில் சித்தியின் சோலார் பேட்டரிக் கடை. பிளஸ் டூ முடித்த லீவில் டெலிவரி, சர்வீஸ், திட்டு வாங்குவது எல்லாம் நான். புகார் போன் வந்தால் முதலில் சித்தி குரலில் என்னை நானே திட்டிவிட்டு, அப்புறம் என் குரலில் மன்னிப்புக் கேட்பேன். வாடிக்கையாளர் அதிலேயே பாதி சமாதானமாகிவிடுவார். மடக்கு சோலார் பலகையோடு பஸ்ஸில் ஏறினால், "கேரம் போர்டை ஓரமா வைம்மா" என்பார் கண்டக்டர்.

சர்வீஸுக்கு அலைந்தே செருப்பு தேய்ந்த சக ஜீவன்களே, இதில் ஓர் ஆள் வசமாக ஏமாறுகிறார். நிச்சயம் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே இல்லை. பேட்டரி நிறையவே ஆறு மணி நேரம் ஆகிறது. நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.

காக்காய் சாப்பிட்ட இடம்

மயிலாப்பூர் இந்து மாமியின் கணவருக்குப் பக்கவாதம். ஒரு வருஷமாகப் படுக்கை. முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. அதன் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மெத்தை உப்பியிருக்கும். மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரெண்டை நிறுத்துவார்களே, அன்று மாமா கட்டில் பலகையில் கிடக்க வேண்டியதுதான். அதற்காகவே எங்களிடம் பேட்டரி வாங்கினார் மாமி. வாங்கிய வாரமே போன்: ஏறவில்லை. போய்ப் பார்த்தால், மொட்டை மாடியில் காக்காய்க்குச் சாதம் வைக்கும் சுவருக்கு நேர் கீழே பலகையை விரித்திருக்கிறார். சாப்பிட்ட காக்காய் சும்மா போகுமா? பலகை முழுக்க வெள்ளை வெள்ளையாய் அபிஷேகம்.

கழுவி, இடம் மாற்றிவிட்டுக் கீழே வந்தேன். வாய் சும்மா இருக்காதே, மாமா முன்னால் அந்தக் காக்காய் மாதிரியே கரைந்து காட்டினேன். அடுத்து கண்டக்டர், அதற்கடுத்து சித்தி. சுவரையே பார்த்துக் கிடந்தவரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலிக்கிறதோ என்று பயந்துபோனேன். மாமி கையில் கரண்டியோடு வந்து நின்று, மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதேடீ. அது சிரிப்பு. நான் பாத்து ஒரு வருஷமாறது."

நெத்திலி

ஊரூர் குப்பத்தில் மல்லிகா அக்காவின் மீன் கடைக்கு எங்கள் பேட்டரியில்தான் ஃபேன் ஓடுகிறது. ஃபேன் நின்றுபோச்சு என்று கூப்பிட்டார். பலகையைக் காணோம். தேடினால், அதன்மேல் நெத்திலி வரிசை வரிசையாகக் காய்கிறது. "அக்கா, இத்த மூடினா கரெண்ட் எப்படி வரும்?" என்றேன், அவர் குரலிலேயே. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "நல்லா வெயில் வுழற எடம்னு நீ தானே காமிச்ச? நெத்திலிக்கு இன்னா, தனியா ஒரு சூரியனா கீது?"

சந்தனப் பொட்டு

மாமியிடமிருந்து இரண்டாவது புகார். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை பூஜை. பலகையில் கட்டத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு, குறுக்கே இரண்டு முழம் மல்லிகை. துடைத்துவிட்டு மாமாவுக்கு மல்லிகா அக்காவைப் பேசிக் காட்டினேன். பாதிக் கிண்ணம் கஞ்சியோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அன்று நெத்திலி கதை முடிவதற்குள் முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டார். ஒரு விரலைத் தூக்கி இன்னொன்று கேட்டார். கஞ்சி இல்லை, கதை.

அதற்கப்புறம் மூன்றாவது புகார், நான்காவது புகார். அழுக்கில்லை, பொட்டில்லை, ஒயர் எல்லாம் சரி. நான் இருக்கும்போது ஏறுகிறது; நான் பஸ் ஏறினால் நின்றுவிடுகிறது. "பலகைல கோளாறு, செட்டையே தூக்கிட்டு வா, கம்பெனிக்கு அனுப்பணும்," என்றார் சித்தி. திரும்பி வர இரண்டு வாரமாகும். வியாழக்கிழமை மயிலாப்பூரில் கரெண்ட் கட், அதனால் தூக்கி வரவில்லை. புதன் சாயங்காலம் மாமியின் போன்: பதினோரு சதவீதம்தான் இருக்கிறதாம். சுவர் பிளக்கில் சொருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும், சொருகுங்கள் மாமி என்று கெஞ்சினேன். "அந்த ஒயரை எங்கயோ வெச்சுட்டேனேடீ, கொழந்தே!"

வியாழக்கிழமை

விடிந்ததும் கடையின் ஒரே உபரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பன்னிரண்டு கிலோ. லஸ் முனையில் ஆட்டோ நகரவில்லை. மணி ஒன்பதே கால். கண்ணுக்குள் சப்பளிந்த மெத்தையும், அதில் திரும்பிப் படுக்கவும் முடியாத மாமாவும். மிச்ச தூரத்தை ஓடினேன். லிஃப்ட் நின்றிருந்தது, மூன்று மாடியும் பெட்டியோடு ஏறினேன்.

உள்ளே மோட்டார் குர்ர் என்று நிம்மதியாக ஓடுகிறது. மெத்தை பூரி மாதிரி உப்பியிருக்கிறது. பேட்டரியில் தொண்ணூற்றெட்டு. காணாமல் போன ஒயர் அதில் சொருகி, சுவர் பிளக் வரைக்கும் அழகாகப் போகிறது. மாமி அடுப்பைப் பார்க்கிறார். மாமா கூரையைப் பார்க்கிறார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாடிக்கு ஓடினேன். அங்கே பலகைக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடை, காற்றில் பறக்காமல் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

கீழே வந்து, மூச்சு வாங்க நின்றேன். ஒரு கிண்ணம் கஞ்சியை என் கையில் கொடுத்து, மாமாவின் பக்கம் என்னைத் தள்ளிவிட்டார் மாமி. "சும்மா வாடீன்னா உங்க சித்தி அனுப்புவாளா? புகார்னா ஓடி வரியே, அதான். இந்தா, ஊட்டிண்டே பேசு. அவர் கார்த்தாலேர்ந்து உனக்காகப் பட்டினி."

ஊரில் உள்ள அத்தனை குரலிலும் ஏமாற்றத் தெரிந்த நான், மாமி தன் சொந்தக் குரலில் சொன்ன "ஏறலைடீ" என்ற ஒரே வார்த்தையை நம்பி மூன்று தடவை மயிலாப்பூருக்கு ஓடியிருக்கிறேன்.