பூரணியின் இரண்டு கட்டங்கள்

முடியும் என்று ஒருநாள் காட்டிவிட்டால் அதுவே சட்டமாகிவிடும். இது பூரணிக்குக் கணினி படிக்கும் முன்பே தெரியும். 1998இல் தேயிலைக் கொழுந்து பொங்கிய ஒரு வாரத்தில் அவளுடைய அம்மா நாகலெட்சுமி ஒரே நாளில் இருபத்திரண்டு கிலோ பறித்துவிட்டார். அதுவரை ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பதினாறு கிலோ பறித்தால் போதும். அடுத்த மாதம் அது பதினெட்டானது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை. அன்றிலிருந்து பதினெட்டு நிறைந்ததும் அம்மா கையை நிறுத்திவிடுவார். கங்காணி கேட்டால் "கை வலிக்குதுங்க" என்பார். போகப்போக அது உண்மையாகியும் விட்டது.

ஹட்டனில் படித்த பூரணி, 2005இல் பூண்டுலோயாப் பக்கத்து எங்கள் தோட்ட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு எதிர் மேசை. கொழுந்து விவரமெல்லாம் ஒரு கிழட்டு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. ஒரே மூச்சில் அதிகம் எழுதினால் திணறி நின்றுவிடும். ஒரு தடவைக்கு 128 கிலோபைட் போதும் என்று அவள் அதற்கான கட்டத்தில் எண் போட்டு வைத்தாள். ஆனால் எங்கள் ஊரில் மழை தூறினாலே கரண்ட் போகும். திரும்பி வந்ததும், டிஸ்கை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருள், இதனால் 1024 முடியும் என்று அதே கட்டத்தில் எழுதிவிடும். அவளுடைய 128 போன இடம் தெரியாது.

பெரிய கிளாக்கர் பாலச்சந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். "மெசினே ஆயிரம் எண்டு சொல்லுது. நீர் ஏன் பிள்ளை குறைக்கிறீர்?" என்றார்.

"முடியுங்கய்யா. முடியுறதையெல்லாம் நெதமும் வாங்குனா படுத்துரும்."

இரண்டு தடவை படுத்தது. பூரணி ஒரு வாரம் மல்லுக்கட்டி மென்பொருளைத் திருத்தினாள். ஒரு கட்டத்தில் டிஸ்கால் முடிந்தது. அதை டிரைவர் எழுதிக்கொள்ளட்டும். இன்னொரு கட்டத்தில் நாம் கேட்பது. அதை டிரைவர் தொடக்கூடாது. இரண்டில் எது குறைவோ அதன்படி வேலை. அதற்குப் பிறகு டிஸ்க் நிற்கவே இல்லை.

தோட்டத்தை நடத்தும் துரை வந்து பார்த்தார். படித்த மனிதர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"முடியிறது வேற, நாம கேக்கிறது வேற. ரெண்டையும் கலக்கக்கூடாது. ரொம்ப சரி," என்றார். பிறகு, "இந்த மாசம் ஒரு நாள்ல ஆகக்கூடக் கொழுந்து எடுத்தவங்க லிஸ்ட் ஒண்ணு அடிச்சுக் குடு. பேருக்கு எத்தனை கிலோன்னு மாத்தணும்."

பட்டியலின் உச்சியில் வினோதா, இருபத்துநாலு கிலோ. கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்தான். விஷயம் தெரியாத பெண். பூரணி அச்சடிக்காமல் நின்றாள்.

"தொரைங்களே, இதுலயும் ரெண்டு கட்டம் வைக்கலாங்களா?"

துரை சிரித்தார். கோபம் துளியும் இல்லை.

"டிஸ்க் போனா புதுசு வாங்கணுமே, பிள்ளை."

அடுத்த மாதம் பேருக்கு இருபது கிலோ என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் சொன்னார்கள். லிஸ்ட் அடித்தது யார் என்பது லயத்துக்குத் தெரிந்துவிட்டது. இம்முறை பெண்கள் பேச்சை நிறுத்தியது பூரணியோடு.

அம்மா மட்டும், தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாராம்:

"ஒன் மெசினு நல்லா இருக்கா?"