சாரலுக்கு முன் ஒரு சங்குக் காசு

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்குள் ஒரு பழங்காசு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மாமா கோயம்புத்தூருக்குப் போய் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலாளியாக நிற்க வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடைமுறையில் இருந்த ஒப்பந்தம் இதுதான். ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் என் அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும். நான் சாட்சி. ஐந்தாம் வகுப்பை முடித்திருந்த எனக்கு வெறும் சாட்சியாக இருப்பதில் விருப்பமில்லை. மாமா எங்கும் போகக்கூடாது என்று நான் தீர்மானித்திருந்தேன். ஆகவே காசு கிடைத்தே தீரும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மாமா ராணுவத்தில் பணிக்காலத்தை முடித்துக்கொண்டு அந்த ஆண்டின் பங்குனியில் இலஞ்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. எனினும் நாற்பதைத் தொடாத ஒரு தனிக்கட்டை வேலையில்லாமல் வீட்டில் இருப்பதை எங்கள் பக்கத்தில் ஒரு நோயைப் போலத்தான் பார்ப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் வைத்தியம் சொல்லாமல் எழுந்து போவதில்லை. அப்பா வைத்தியத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். தெரிந்தவர் மூலம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பள்ளியில் வாயிற்காவல் வேலை. தங்க இடமும் சாப்பாடும் உண்டு. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்துகள் பின்னோக்கி வந்து திரும்பும்போது வழி பார்த்துச் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைகளைச் சாலையைக் கடத்திவிட வேண்டும். அவ்வளவுதான். மாமா வேண்டாம் என்றார். காரணம் கேட்டபோது, "மறுபடியும் யூனிபாரம் மாட்ட முடியாது அத்தான்" என்று மட்டும் சொன்னார். சோம்பல் என்று அப்பா எடுத்துக்கொண்டார். ராஜகம்பீரம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் இரும்புப் பெட்டியோடு மண்ணுக்கடியில் இருக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி ஒன்றும் வந்திருந்தது. புனலூர்க்காரரான பட்டாள நண்பர் ஒருவர் அதை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஒரு நீண்ட கம்பி, அதன் அடியில் தோசைக்கல் அளவில் ஒரு வட்டு, கைப்பிடியருகே ஒரு பெட்டி. பெட்டியிலிருந்த அளவு காட்டும் முள் எப்போதோ ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தது. குரல் மட்டும்தான் மிச்சம். இரும்பு என்றால் அது தவளையைப் போல அடித்தொண்டையில் உறுமும். சோடா மூடி என்றால் கரகரக்கும். செம்போ வெள்ளியோ என்றால் மெல்லிய விசில் போல நீளும். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அந்தப் பக்கத்திலிருந்து அருவியில் குளிக்க வந்தவர்கள் மடியிலிருந்து உதிர்த்துவிட்டுப் போன காசுகள் குற்றாலத்து மண்ணில் இன்னும் இருக்கும் என்று அந்த நண்பர் சொல்லியிருந்தாராம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாமா இதைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார்.

"பார்க்குல காசு எடுக்கப் போறீராக்கும் மாப்ளே? அங்கன பிராந்திக் குப்பி மூடிதான் கிடக்கும்."

"கிடைக்கும் அத்தான்."

"சரி. சாரல் விழுததுக்குள்ள ஒரே ஒரு காசு கொண்டுட்டு வாரும். நான் கோயம்புத்தூர்ப் பேச்சையே எடுக்கல. இல்லன்னா பெட்டியக் கட்டணும்."

மாமா தலையசைத்தார். நான் மோர் ஊற்றச் சொல்ல மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாரலைக் கெடுவாக வைத்ததில் காரணம் இருந்தது. சீசன் தொடங்கிவிட்டால் அந்தப் பூங்காவில் கால் வைக்க இடமிருக்காது. குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்கள் அங்கேதான் துணி மாற்றுவார்கள், பொட்டலம் பிரிப்பார்கள், பிள்ளைகளுக்குத் தலை துவட்டுவார்கள். பிறகு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வண்டி ஏறுவார்கள். சீசன் இல்லாத மாதங்களில் பூங்காவுக்கு மிஞ்சுவது அவர்கள் விட்டுப்போன பொருள்களும் குரங்குகளும்தான். எண்ணெய்க் குப்பிகள், ஷாம்பு உறைகள், பரோட்டா சுற்றிவந்த அலுமினியத் தாள், ஊக்குகள், ஒற்றைச் செருப்புகள். துருப்பிடித்த ஊஞ்சல் ஒன்றும், காது உடைந்த சிமெண்ட் மான் ஒன்றும் அவற்றுக்கு நடுவே இருந்தன. பூங்காவைப் பார்த்துக்கொண்ட ஊழியரிடம் மாமா முறைப்படி அனுமதி கேட்டார். "குழிய மூடிட்டுப் போனா சரி. குப்பையவும் எடுத்துட்டுப் போனா ரொம்பச் சரி" என்றார் அவர்.

அனுமதியின் இரண்டு பகுதிகளையும் மாமா ஒரே அக்கறையோடு நிறைவேற்றினார். முளை அடித்து, சணல் கயிறு கட்டி, பூங்காவைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒரு கட்டம் முடியாமல் அடுத்ததற்குப் போவதில்லை. கருவி குரல் கொடுத்த ஒவ்வோர் இடத்திலும் மண்டியிட்டு, மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் மண்ணை விலக்கி, கிடைத்ததை எடுத்துச் சாக்கில் போட்டு, குழியை மூடி மிதித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பெரும்பாலும் கிடைத்தது மூடி. முதல் வாரத்திலேயே என் பொறுமை தீர்ந்துவிட்டது.

"மாமா, இது மூடிதான். கரகரன்னு கேக்குல்லா. விட்டுருவோம்."

"மூடியா இருந்தாலும் எடுக்கணும் ஏட்டி. ஒண்ண விட்டுட்டுப் போனா, வீட்டுக்குப் போனாலும் மனசு அங்கனயேதான் கிடக்கும்."

பூங்கா வாசலில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி தினமும் விசாரிப்பார். "பட்டாளம், இன்னைக்கு என்ன வேட்டை?"

"அரைச் சாக்கு மூடி அண்ணாச்சி."

"பஞ்சாயத்துல கேட்டா இதுக்குச் சம்பளமே போடுவாங்களே. நீங்க சும்மா செய்தியளே."

வீட்டுக் கொல்லையில் சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. அப்பா பல் துலக்கியபடி அவற்றைச் சுற்றி வருவார். "காயலாங்கடையே வச்சிரலாம் மாப்ளே, முதல் போட வேண்டாம்" என்பார். மாமா சிரித்துக்கொள்வார். அப்பாவின் கேலியில் பாதிக்குத்தான் மாமா சிரிப்பார். மீதியைப் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறார் என்று நான் நினைத்தேன்.

என் வேலை அவரோடு நடப்பது. எப்போதும் இடப்பக்கம்தான் நடக்க வேண்டும் என்பது விதி. வலப்பக்கம் கம்பி வீசும் கை. அத்துடன், கருவி குரல் கொடுக்கும்போதெல்லாம் "எப்படிக் கேக்கு?" என்று அவர் கேட்பார், நான் உறுமலா, கரகரப்பா என்று சொல்ல வேண்டும். இவற்றில் ஒரு விசித்திரம் இருந்தது. உறுமலுக்கும் கரகரப்புக்கும் மாமா தானாகவே நின்றுவிடுவார். அபூர்வமாக விசில் எழும்போது மட்டும் எதுவும் நடக்காதது போலக் கம்பியை வீசிக்கொண்டே போவார். "மாமா, நில்லுங்க" என்று நான் சத்தம் போட வேண்டும். நின்று, திரும்பி, "கெட்டிக்காரி. தப்பாமப் பிடிச்சிட்டியே" என்பார். எங்கள் கணக்கு ஆசிரியை வேண்டுமென்றே பலகையில் தவறாக எழுதிவிட்டு யார் கையைத் தூக்குகிறார்கள் என்று பார்ப்பார். மாமாவும் அதைத்தான் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சை என்று தெரிந்தபின் தோற்பேனா? ஒரு விசிலைக்கூட நான் தவறவிடவில்லை. தேய்ந்த மெட்டி ஒன்று, பித்தளைச் சாவி ஒன்று, யாரோ ஒரு குழந்தையின் கொலுசுத் துண்டு. காசு மட்டும் வரவில்லை.

வைகாசி முடியப் போனது. மலையின் தலையில் மேகம் உட்காரத் தொடங்கியது. காற்றில் குளிர் ஏறியது. கடைக்காரர்கள் மூங்கில் கழிகளைக் கொண்டுவந்து பூங்காவின் ஓரத்தில் இறக்கினார்கள். அப்பா மாமாவின் இரும்புப் பெட்டிக்குப் புதிய பூட்டு ஒன்று வாங்கி வந்து, அதன் மேல் வைத்துவிட்டுப் போனார்.

இந்த நெருக்கடியில், சுரண்டையில் அப்பாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. நான் வரமாட்டேன் என்று அழுது பார்த்தேன். பட்டுப்பாவாடைக்குள் திணித்து அழைத்துப் போனார்கள். மாமா அன்று தனியாகப் பூங்காவுக்குப் போயிருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது கொல்லையில் ஒரு புதிய சாக்கு நின்றது.

"மருதமரத்து அடியில உள்ள கட்டம் முடிஞ்சுது. அங்கன ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாள் காலை, மீதியிருந்த கடைசிக் கட்டத்துக்குப் போவதற்காக அந்த மருதமரத்தடியைக் கடந்துகொண்டிருந்தோம். மாமாவின் கையில் தொங்கிய கருவி ஏற்கெனவே உயிர்பெற்றிருந்தது. திடீரென்று அது விசிலடித்தது. தெளிவான, நீண்ட விசில். அதுவரை நாங்கள் கேட்டவற்றில் அவ்வளவு சுத்தமான குரல் இல்லை.

"மாமா, நில்லுங்க. விசில்."

"இங்கன நேத்தே முடிச்சாச்சு ஏட்டி."

"இல்ல மாமா. நல்லா நீளமாக் கேக்கு."

மாமா வட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பரீட்சை நடத்துகிறவரின் பார்வையாக அது இல்லை. "எங்கன?" என்று கேட்டார். நான் கம்பியை அவர் கையிலிருந்து வாங்கி, குரல் மிகக் கூர்மையாகும் இடத்தில் வட்டை வைத்து, "இங்கன" என்றேன்.

அவர் மண்டியிட்டார். ஒரு சாண் ஆழத்தில் பச்சை நிறத்தில் ஏதோ தெரிந்தது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, விரலால் தேய்த்தார். சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. நான் ஊஞ்சல் வரைக்கும் ஓடி, சிமெண்ட் மானை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். மாமா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து இதுமேலதான் நடந்திருக்கேன்" என்றார். பிறகு அதையே இன்னொரு முறை சொன்னார். மகிழ்ச்சியில் வேறு பேச்சு வரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். குழியை மூட அவர் மறக்கவில்லை.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது காசு அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. கைபேசியின் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோற்றவர் போலவே அவர் தோன்றவில்லை.

"சரிதான். ஒத்தக் காசுக்கு ஒரு பார்க்கையே உழுதிட்டீரே மாப்ளே."

பாராட்டு தவறான முகவரிக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "மாமா எடுக்கல அப்பா, நான்தான்" என்றேன். "மாமா நேத்து அதுமேலேயே மிஷினக் கொண்டுட்டுப் போயிருக்காங்க. விட்டுட்டாங்க. எனக்குத்தான் கேட்டுது. எப்பவுமே விசில நான்தான் சொல்லுவேன். நான் சொன்னாத்தான் மாமா நிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

"எப்பவுமேயா?" என்றார் அப்பா.

"எப்பவுமே."

அப்பா உள்ளங்கையை மூடிக்கொண்டார். அவர் மாமாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். தாழ்ந்த குரலில், "மாப்ளே" என்று கூப்பிட்டார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா இன்னொரு முறை கூப்பிடவில்லை. அம்மாதான் இடப்பக்கமாகக் குனிந்து, "தம்பி, அத்தான் கூப்பிடுதாக" என்றாள். மாமா நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடும்" என்றார் அப்பா. "கோயம்புத்தூருக்கு நான் காலையில போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடுதேன்."

"சரி அத்தான்."

காசு வென்றுவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. பள்ளி திறந்தபின் வகுப்பில் இதைப் பலமுறை சொன்னேன்.

கல்லூரியில் படித்தபோது, சுரண்டையில் நடந்த ஓர் இலவசக் காதுப் பரிசோதனை முகாமுக்கு மாணவத் தொண்டராகப் போயிருந்தேன். காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். மாமாவின் வயதுடைய, கல் குவாரியில் வேலை பார்த்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். தடித்த ஒலிகளுக்கெல்லாம் விரல் உயர்ந்தது. பிறகு ஒலி மெலிந்து, விசிலாகி, ஒலிப்பானைத் தாண்டிப் பக்கத்தில் நின்ற என் காதுவரை கசிந்தது. அவருடைய விரல் உயரவில்லை. எதுவும் நடக்காதது போன்ற முகத்தோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை மருதமரத்தடியில் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

மாமாவிடம் கேட்டேன். வெடிச் சத்தத்தில் வலது காது போய்விட்டது. இடது காதில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் விழுவதில்லை. விசிலும், இரைச்சலுக்கு நடுவே பிள்ளைகளின் கூப்பாடும் அந்த வகை. "பஸ்ஸு பின்னால வரும்போது ஒரு பிள்ளை கூப்பிட்டா எனக்குக் கேக்காதே ஏட்டி. அந்த வாசல்ல நான் எப்படி நிக்க?" என்றார். அதை வெளியே சொன்னால் வீட்டில் எல்லாரும் பரிதாபப்படுவார்கள். சொல்லாமல் வேலைக்குப் போனால் யாரோ ஒரு குழந்தைக்கு ஆபத்து. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த அவர், சோம்பேறி என்ற பெயர் இவ்விரண்டையும்விடக் கனம் குறைவு என்று முடிவுசெய்திருக்கிறார். நான் எடுத்திருக்கக்கூடிய எந்த முடிவும் இதைவிடச் சரியாக இருந்திருக்காது.

இப்போது மாமா இலஞ்சியில் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்குப் பார்க்கிறார். என் வற்புறுத்தலால் காதுக் கருவி வாங்கிக்கொண்டார். அப்பா பேசத் தொடங்கினால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். சங்குக் காசு அம்மாவின் பூசை அலமாரியில் இருக்கிறது. பொது இடத்தில் கிடைத்தது அரசாங்கத்துக்குப் போக வேண்டும் என்று நான் வாதாடுகிறேன். அம்மா கேட்பதில்லை, அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். நாங்கள் சுத்தப்படுத்திய பூங்கா அந்த சீசன் முடிவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

காசு கிடைத்த அந்த இரவுக்கு அடுத்த நாள் காலையும் எனக்கு நினைவிருக்கிறது. வெளியே முதல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா தொலைபேசியில் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாக உட்காரும் இடத்தைத் தாண்டிப் போய், தட்டைத் தூக்கிக்கொண்டு, மாமாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். பந்தயத்தில் தோற்ற கோபத்தில்தான் இடம் மாறி உட்காருகிறார் என்று நினைத்து, அவரைச் சமாதானப்படுத்துவதற்காக என்னுடைய இட்லியில் ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.