காற்றுக்கு ஒதுக்கிய அம்பு

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது அவரைப் பார்த்தேன். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஆள்குறைப்பில் அவர் பேரையும் நீக்கிவிட்டார்கள். இந்தியாவில் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறும்வரை, குடியிருந்த லய வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளிதான் வீட்டுக்குச் சாப்பாடு. அதையும் காட்டுப்பன்றி கிண்டித் தின்றது. துப்பாக்கி தோட்டத்துத் துரையிடம் மட்டும்தான். இவரிடம் இருந்தது மூங்கில் வில்லும், இரும்பு முனை வைத்த ஒரே அம்பும்.

ஒல்லியான மனிதர். இடது கையெல்லாம் கத்தித் தழும்பு. மடியில் எப்போதும் மானாப்புல் பஞ்சு வைத்திருப்பார். ஒரு சிட்டிகை எடுத்துப் பறக்கவிட்டுக் காற்றைப் பார்ப்பார்.

ஒரு மாலை பன்றி வந்தது. பஞ்சு வலப்பக்கம் பறந்தது. அவர் பன்றியை விட்டு இடப்பக்கம் வெறும் புல்லைக் குறிவைத்தார்.

“பன்னி அங்கதான நிக்குது?” என்றேன்.

“காத்து தள்ளும்ங்கய்யா. தள்ளிக்கிட்டுப் போயி பன்னி மேல விடும்.”

அம்பை விட்ட நொடியில் காற்று நின்றது. புல்லைத் தாண்டி அம்பு பள்ளத்தில் விழுந்தது. பன்றி ஓடிவிட்டது.

“நேரா விட்டிருக்கலாமே” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“நேரா விட்டிருந்தா காத்து அடிச்சிருக்கும்ங்கய்யா” என்றார், கோபமே இல்லாமல்.

அடுத்த வாரம் அவர் குடும்பத்தை அட்டனில் ரயிலேற்ற நான்தான் போனேன். வில்லை லயத்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். வண்டி வருமுன் மடியிலிருந்து பஞ்சை எடுத்துப் பறக்கவிட்டு, அது போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதைக் குறிவைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.