அடுப்புகளை எண்ணிக்கொண்டு கண்டிக்கு

தம்புள்ளையிலிருந்து விடிந்ததும் புறப்பட்டேன். கண்டிக்கு இன்னும் நாற்பத்தைந்து மைல். காலில் முள் ஏறிச் சீழ் வைத்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். கங்காணி காத்திருப்பாரா? கோப்பித் தோட்டத்துக்குப் போகும் எங்கள் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு முன்னே போய்விட்டார். கூட்டத்தில் அப்போதே இரண்டு பேருக்கு வாந்திபேதி. என் தங்கை செல்லாயியும் அவர்களோடுதான் போனாள். "நான் வரல, அம்மாகூட இருக்கேன்" என்றவளைத் தோணி ஏற்றி இழுத்துவந்த மகாபாவி நான்.

வழித்துணைக்கு அசன் நானா கிடைத்தார், நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அலவத்துகொடைக்காரர், பொதிமாடுகளில் உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார். மாடுகளின் கழுத்து மணிகளுக்குள் வைக்கோல் திணித்திருந்தது.

"மணிய ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க?"

"சத்தம் கேட்டா கூலிக் கூட்டம் வருதுண்டு ஆக்கள் ஓடி ஒளியுறாங்க தம்பி. பொறகு உப்ப யாருக்கு விக்கிற?"

பாதையோரம் வீடுகள் இருந்தன, மனிதர்கள் இல்லை. எங்களோடு நோய் வருகிறது என்று ஊர்க்காரர்கள் காட்டுக்குள்ளே தள்ளிப்போய்க் குடிசை போட்டுக்கொண்டார்களாம். ஒரு முற்றத்தில் காயப்போட்ட நெல் அப்படியே கிடந்தது. அதைக் கொத்த ஒரு கோழிகூட இல்லை. இன்னொரு இடத்தில் சட்டி நிறையத் தண்ணீர், மேலே வாழையிலை மூடி. யாரோ வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். குடித்து முடிக்கும்வரை மரங்களுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சத்தியம் செய்வேன்.

மாலையில் நாலந்தை. தங்கும் கொட்டகையில் எங்கள் கூட்டம் விட்டுப்போன அடுப்புகளை எண்ணினேன். அஞ்சாறு பேருக்கு ஒன்றாக மூன்று கல் வைத்த அடுப்புகள், பதினான்கு. ஓரத்து அடுப்பின் இடது கல்லில் மட்டும் ஈரச் சாம்பலால் மூன்று கோடு. செல்லாயிதான்! சமைத்து முடித்தால் மூன்று கல்லுக்கும் பட்டை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தச் சோம்பேறிக் கழுதை ஒரு கல்லோடு நிறுத்திவிடுவாள், அம்மா தினமும் திட்டுவாள். அந்தச் சோம்பலைப் பார்த்து அன்று அழுதேன்.

இரண்டாம் நாள் மாத்தளைக்குப் பதினைந்து மைல். வழிநெடுகப் பச்சைக் கொப்புப் போட்டு மூடிய மேடுகள். அவை வரும்போதெல்லாம் மாடுகள் யாரும் ஓட்டாமலே எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தன. "பாக்காம வாங்க தம்பி," என்றார் நானா. நான் பார்க்கவில்லை. மாத்தளைக் கொட்டகையில் அடுப்பு ஒன்பது. ஒவ்வொரு கல்லாகக் குனிந்து தேடினேன். கோடு இருந்தது! முன்னைவிடக் கொஞ்சம் நீளம். அவசரத்தில் இழுத்திருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அலவத்துகொடை. நானாவின் சொந்த வீடு கூப்பிடு தூரத்தில். ஆனாலும் அவர் வேலிக்கு வெளியேதான் நின்றார். மனைவி சோற்றுச் சட்டியை வேலியடியில் வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து போனாள். "பதினஞ்சு நாள் மாட்டுக் கொட்டில்தான் எனக்கு. ஊர்க் கட்டுப்பாடு," என்று சிரித்தார். "அல்லாட காவல் தம்பி, போய் வாங்க." ஊர் தாண்டிய கொட்டகையில் ஆறு அடுப்பு. கோடு இருந்தது.

பகலில் கட்டுகஸ்தோட்டை. ஆற்றுக்கு இக்கரையில் கயிறு கட்டி எங்கள் கூட்டத்தை மறித்து வைத்திருந்தார்கள். நோய் ஓயும்வரை கண்டிப் பட்டணத்துக்குள் விடமாட்டார்களாம். கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். யாரும் தடுக்கவில்லை, உள்ளே போக எந்தத் தடையும் இல்லை. எரிந்துகொண்டிருந்த அடுப்புகளில் கோடு போட்ட கல்லைக் கண்டுபிடித்தேன். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மூக்காயி, எங்கள் கூட்டத்துப் பெண்.

"செல்லாயி எங்க?"

அவள் எழுந்திருக்கவில்லை. "போயிருச்சு அண்ணே. நாலந்தை தாண்டி ரோட்டோரத்துல."

"அப்ப இந்தக் கோடு?"

"நான்தான் போட்டேன். செல்லாயிதான் போடச் சொல்லுச்சு. 'நான் இல்லன்னு தெரிஞ்சா எங்கண்ணன் அந்தக் காட்டுலயே உக்காந்துக்கும், அதுக்கும் நோய் ஒட்டிக்கும். கோட்டப் போட்டுக் கூட்டிட்டுப் போயிரு அக்கா'ன்னு கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டுச்சு."

கத்தினேன். பொய் சொல்லி நடக்கவைக்க நீ யாரடி என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நடந்து வந்துட்டீங்கள்ல," என்றாள்.

எட்டு நாள் அங்கேயே கிடந்தோம். எங்கள் ஊரிலும் இப்படித்தான். கொள்ளைநோய்க் காலத்தில் எல்லையில் தடியோடு நின்று வெளியூர்க்காரரை விரட்டியிருக்கிறேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தண்ணீர் கேட்டாள். அவளையும் விரட்டினேன். இங்கே பெயர் தெரியாத சிங்களவர் சட்டியில் தண்ணீர் வைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஓடக்கூலி இரண்டு சல்லி கொடுத்து ஆற்றைக் கடந்தோம். கண்டியில் முதல் வேலையாகக் காகிதம் வாங்கி அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி, படித்துக்காட்ட அண்டை வீட்டுக்காரர்தான் வரவேண்டும். எழுதிய முதல் வரியை அடித்தேன். பிறகு எழுதினேன்: இருவரும் சுகமாய் வந்து சேர்ந்தோம், செல்லாயி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.