கடகடவென்று படித்த திவ்யா

வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் தொழிலில், வேலை சரியாக நடக்கும்போதுதான் புகார் வரும். வீட்டில் சின்ன வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய நான், அல்சூரில் ஒரு சிறிய ஆங்கில வழிப் பள்ளியில் வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன்.

ஒட்டிக்கொண்ட தாள்

மூன்றாம் வகுப்பில் திவ்யாவைப் போல் வேகமாகப் படிப்பவர் யாருமில்லை என்றார்கள். ஒருநாள் ஆங்கிலப் பாடத்தைப் படித்துக்காட்டினாள். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டன. விரல் கிணற்றுப் படத்தின் கீழே ஓடியது. வாய் மட்டும், தாண்டிவிட்ட பக்கத்தில் இருந்த யானையைப் பற்றி ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ட்யூஷனில் எல்லாரும் கூடிக் கத்திப் படித்ததில் புத்தகமே மனப்பாடம். புதிதாக ஒரு சொல் எழுதிக் காட்டினால் விழித்தாள்.

தாளைப் பிரித்துக் கொடுத்தேன். "பரவால்ல மிஸ், எனக்கு புக்கே வேணாம்" என்றாள்.

வண்டி

எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லிக் கூட்டிப் படிக்கவைத்தேன். ஸ்டாஃப் ரூமில் இதற்குச் சண்டை. முழுச் சொல்லாகப் பார்த்துப் பழகட்டும் என்றார் ஒருவர். முதலில் வீட்டு மொழியில் வாசிக்கட்டும் என்றார் இன்னொருவர். ஊர் மொழி என்ன ஆவது என்றார் கன்னட ஆசிரியை. இரண்டு மொழியில் படித்து வளர்ந்தவள் நான். யார் சொல்வதும் முழுத் தவறென்று படவில்லை. இதற்கிடையில் திவ்யா ஒரு வரியைக் கடக்கவே திணறினாள்.

அவள் அம்மா சாந்தி, அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்பவர், நேரே வந்துவிட்டார்.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டியப் பிரிச்சிப் போட்டுட்டீங்க மிஸ். கடகடன்னு படிச்ச பொண்ணு இப்ப திக்குது. தசரா லீவு வரைக்கும் பாப்பேன். அப்புறம் இந்த கிளாஸ் வேணாம், பழையபடி ட்யூஷனுக்கே போவட்டும்."

லிஃப்ட்

லீவு முடிந்த முதல் நாளே சாந்தி வந்து நின்றார். நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

லீவில் மகளை வேலைக்குக் கூடவே கூட்டிப்போயிருக்கிறார். அங்கே முன்பக்கத்து லிஃப்டில் இவர்கள் ஏறுவதில்லை. சின்னப் பசங்களுக்கு அது ஆகாது, கதவு இடிக்கும் என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தார். இந்த முறை திவ்யா அதன் பக்கத்தில் மாட்டியிருந்த ஆங்கிலப் பலகை முன்னால் நின்று, ஒலி ஒலியாகக் கூட்டி, கடைசி வரை படித்திருக்கிறாள். பிறகு, "சின்னப் பசங்கன்னு இதுல எங்கயும் போடலையேம்மா. மெய்டு ஏறக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. மெய்டுன்னா யாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

சாந்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான்னு சொன்னேன் மிஸ். அப்புறம் ரெண்டு பேரும் சேந்தே வேலைய முடிச்சோம். இனி அவகிட்ட எதையும் மறைக்க முடியாது. இருக்கட்டும், உங்ககிட்டயே படிக்கட்டும்."

எந்த முறையில் வாசிக்கவைப்பது என்று நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம், பிள்ளை எதை முதலில் வாசிக்கும் என்று எங்களை யாரும் கேட்பதில்லை.