பூக்கட்டியவனை எப்படி நம்புவது

“...அதெல்லாம் சரிலே, ரெண்டு பொட்டலத்துலயும் நீ வெள்ளைப் பூவையே வச்சுக் கட்டலன்னு நான் எப்படி நம்புதது?” என்றாள் அக்கா.

இரண்டிலும் வெள்ளைதான் வைத்திருந்தேன்.

இலத்தூரில் அவள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால், வாழையிலைக் கிழிசலில் சுற்றி நூல் கட்டிய இரண்டு பொட்டலங்கள் கிடந்தன. விஷயம் அவளுடைய இருதயம். வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஓடிவிட்டது. சாரல் விழுந்தால் ஐந்தருவிக்கு முதல் ஆளாகப் போகிறவள், இந்த வருஷம் பஸ் நிற்கிற இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். “அருவி அங்கனயேதான கெடக்கும், அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன், நீ போய்க் குளிலே” என்று மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். நானும் குளிக்கவில்லை.

பூக்கட்டிப் பார்க்காமல் அக்கா எதுவும் செய்யமாட்டாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. கையில் வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. மகளுக்குக் கூடி வந்த நல்ல வரனையே சிவப்பு வந்ததென்று வேண்டாம் என்றவள். ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்துவைத்தாயிற்று, வண்டிக்கும் சொல்லியாயிற்று. ஆனால் பூ சொன்னால்தான் ஏறுவாளாம். அவள் உயிரைச் சரிபாதி வாய்ப்பில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. “நீயே கட்டித் தாலே” என்று சொன்னதும் இரண்டிலும் பிச்சிப்பூவை வைத்துக் கட்டிவிட்டேன். சிவப்பு அரளி என் சட்டைப் பையில்.

என்னைக் காட்டிக் கொடுத்தது என் வாய்தான். தென்காசியில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கிற கடை எனக்கு. படிப்பு பத்தாவதோடு சரி. போனில் கண்டதையும் வாசிப்பேன், வாசித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது. முந்தின நாள் அக்காவிடம் குவாண்டம் பெட்டிகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

“ஒரு களவாணிப்பய செஞ்ச பெட்டின்னே வச்சுக்கோ. ஒண்ணு தென்காசியில, இன்னொண்ணு குத்தாலத்துல. ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கிட நேரம் குடுக்காம, ரெண்டுகிட்டயும் ஒரே சமயத்துல கேள்வி கேக்கணும். ரெண்டு கேள்வியில எதுன்னு அந்த நிமிசம்தான் பொறுக்கணும். ரெண்டு பெட்டியும் ஆமா, இல்லன்னு பதில் சொல்லும். எப்போ பதில் ஒத்துப்போகணும், எப்போ மாறணும்னு ஒரு விதி உண்டு. அதுப்படி வந்தா ஜெயிப்பு.”

“சரி, சொல்லு.”

“முன்னாலயே பதில எழுதி உள்ள வச்சிருந்தா, எவ்வளவு சாமர்த்தியமா எழுதினாலும் சராசரியா நாலுக்கு மூணுக்கு மேல ஜெயிக்காது. ஒண்ணோடொண்ணு பின்னிக் கெடக்குற ஒளித்துகள் வச்ச பெட்டி அதைத் தாண்டி ஜெயிக்குது.”

“அதுக்கு என்னலே இப்போ?”

“அப்போ எல்லாப் பதிலும் முன்னாலயே எழுதி இல்லன்னு அர்த்தம். கேட்ட பொறவுதான் பொறக்குது. செஞ்சவனுக்கே தெரியாது. அதுலேர்ந்து ரகசியப் பூட்டுக்கு நம்பர் எடுத்தா, எந்தக் கள்ளனும் ஊகிக்க முடியாது.”

“எப்பா! செஞ்சவன நம்ப வேண்டாம், பெட்டியக் கேள்வி கேட்டாப் போதும்ங்கியா?”

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், இப்படி ஒரே வரியில் பிடித்தவர் கிடையாது. பூரித்துப்போனேன். மடையன்.

இப்போது அதே அக்கா பொட்டலங்களைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பெட்டியில பதில் கேட்ட பொறவு பொறக்குதுன்ன. இதுல நீ கட்டும்போதே இருக்குல்லா?”

“ராகுகாலம் வந்துரும்க்கா, எடு.”

“நீ என்னைக்குலே ராகுகாலம் பாத்த?”

எடுக்காத பொட்டலத்தையும் பிரித்தால் தீர்ந்தது. ஏமாற்றினேன் என்று தெரிந்தால் எந்த டாக்டரிடமும் வரமாட்டாள். அதைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. நம்பி வந்து, ஆபரேஷன் மேஜையில் ஏதாவது ஆகிவிட்டால்? சாமி உத்தரவு கேட்டுத்தானே போனாள் என்று ஊர் சமாதானம் சொல்லும். உத்தரவு கொடுத்தது சாமி அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல. நான். அரளி கிடந்த சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து நூலை அவிழ்த்தாள். வெள்ளை. பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டு மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தாள். அவிழ்க்கவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிப் பைக்குள் மருந்துச் சீட்டுக்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.