பலகையின் அடிப்பக்கம்

மண் தோண்டும் இயந்திரங்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது அந்தத் தம்பதியின் தொழில். வண்டி ஓட்டுவது கணவர். இயந்திரத்தை மேலே ஏற்றிச் சங்கிலியால் இறுக்கிக் கட்டுவது மனைவி. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடைவதால் பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஏனக்கா’.

ஒருநாள் இயந்திரம் ஏறிக்கொண்டிருந்தபோது டிரெய்லரின் மரத்தளம் படாரென்று முறிந்தது. ஒரு பக்கம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

“வருஷம் தவறாம பெயின்ட் அடிக்கிறேன், அப்பவும் காலை வாருது. பேசாம இரும்புத் தகடு போட்டுத் தொலைச்சிடலாம்.”

“மழையில இரும்பு வழுக்கும். மிஷின் சறுக்கினா என்ன பண்ணுவீங்க? அது கிடக்கட்டும், மேல பளபளன்னு இருக்கிற பலகை ஏன் முறிஞ்சுது?”

போல்ட்டைக் கழற்றிப் பலகையைப் புரட்டினார் ஏனக்கா. அடிப்பக்கம் ஊறிய ரொட்டி மாதிரி விரலோடு பிய்ந்து வந்தது. போல்ட் துளைகளைச் சுற்றி இன்னும் மோசம். பெயின்டைக் கண்டது மேல்பக்கம் மட்டும்தான்.

“தண்ணி உள்ள போக வழி இருக்கு, வெளிய வரத்தான் வழியில்லபோல” என்றார். ஆனால் ‘போல’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது. கெடாத பலகை ஒன்றை மூன்று துண்டாக்கி, ஒரு துண்டுக்கு மேலே மட்டும் பெயின்ட் அடித்தார், இன்னொன்றுக்கு ஆளி விதை எண்ணெய் பூசினார், ஒன்றை அப்படியே விட்டார். மூன்றின் எடையையும் குறித்துக்கொண்டு மொட்டை மாடியில் நனைய விட்டார். மழை விட்டதும் மூன்றும் மறுபடி சமையலறைத் தராசில் ஏறின.

நாத்தனார் தலையில் கைவைத்தாள். “அண்ணி, மாவு நிறுக்கிற தராசுல விறகா?”

“விறகு இல்லடி, நோயாளிங்க. எது எவ்வளவு தண்ணி குடிச்சிருக்குன்னு பார்க்கிறேன்.”

எண்ணெய்த் துண்டுதான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தார். அதுவும் கனத்துத்தான் கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தபோது பிடிபட்டது. அறுத்த முனைகளுக்கு எண்ணெய் பூசவில்லை, தண்ணீர் அந்த வழியாக ஏறியிருக்கிறது. அதைக் காயவைத்து, முனைகளுக்கும் எண்ணெய் பூசி மறுபடி நனைய விட்டார். எடை அவ்வளவாக ஏறவில்லை. பெயின்ட் அடித்ததோ மற்ற இரண்டும் காய்ந்த பிறகும் ஈரம் விடவில்லை.

புதுப் பலகைகளுக்கு நாலு பக்கமும், முனைகளிலும், துளைகளுக்குள்ளும் எண்ணெய் பூசி நன்றாகக் காயவிட்டார்கள். தண்ணீர் வடிய நடுநடுவே இடைவெளி விட்டுப் பொருத்தினார்கள். தண்ணீர் தேங்காமல் பின்பக்கம் ஓட, நிறுத்தும்போது டிரெய்லரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தார்கள்.

அடுத்த பெருமழையில் மனைவியைக் காணோம் என்று தேடிய கணவர், டிரெய்லருக்கு அடியில் இரண்டு கால்களைக் கண்டார்.

“ஊரே கதவைச் சாத்திக்கிட்டு இருக்கு, நீ இங்க என்ன பண்றே?”

“தண்ணி எங்க சொட்டுதுன்னு பார்க்கிறேன். எல்லாம் இடைவெளி வழியா ஒழுங்கா வடியுது. இந்த ஒரு பலகையில மட்டும் அடியில ஈரம் நிக்குது. ஏன்னு தெரியல.”

கணவர் வானத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே குனிந்து உள்ளே நுழைந்தார்.

“தள்ளிப் படு. எந்தப் பலகை?”